கொழுக்கித் தராசு

காலை ஐந்தரை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
தொண்டையைச் செருமுகிறது.
எனக்கு முந்தி எழும்பிவிட்டது சீமெந்து.
தண்ணீர்க் கோப்பையின் மேல் தலையைத் தொங்கப்போட்டு
குடிப்பதா விடுவதா என்று நிற்கிறது.

சாம்பல் நிறம், அதனால் சீமெந்து.
பதினாறு வருடத்துக்கு முன்
சீனக்குடாவில் இருந்து வந்த லொறியின் படங்குக்குள்ளால்
தானாக இறங்கி வந்தது.
அப்போது ஒரு கைப்பிடி. நடுவில் ஐந்து கிலோ.
இப்போது திரும்பவும் கைப்பிடியை நோக்கி.

பிரிட்ஜ் கதவில் இரண்டு இன்சுலின் குப்பி.
இறப்பர் வளையம் போட்டது தவிலுக்கு,
போடாதது எனக்கு.
அதுக்கு இரண்டு அலகு, எனக்குப் பதினெட்டு.
முதலில் அதுக்கு.
தோலைக் கூடாரம்போலத் தூக்கிக் குத்துகிறபோது
கண் சிமிட்ட மாட்டேன்.
எனக்குக் குத்துகிறபோதுதான்
இன்றைக்கும் கண்ணை மூடுகிறேன்.
கரண்ட் போனால் இரண்டு குப்பியும்
ஒரே மண்முட்டிக்குள், ஒரே தண்ணீரில்.

இஞ்சிக்குப் போன கச்சானோடு பார்வை போனது.
வீட்டை மீசையால் பாடமாக்கி வைத்திருக்கிறது.
கதிரையை அரை அடி நகர்த்தினால்
அன்று முழுக்க என்னோடு கதையில்லை.
வருகிறவர்கள் எல்லாம்
நான் காட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும்.
"இது வீடோ வார்டோ?" என்றாள் மச்சாள்.
இருபத்தொன்பது வருடம் வார்டில் நின்றவள் நான்.
அங்கே ஒருவரும்
என் தலையணையில் சலம் விட்டதில்லை.

சீமெந்துக்குக் கிட்னி.
ஒருநாள் விட்டு ஒருநாள் முதுகுத்தோலுக்குள் சேலைன்.
கலண்டர் தொங்கிய ஆணியில் இப்போது பை தொங்குகிறது.
என்ன திகதி என்று அறிய
பை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்கிறேன்.
வெறும் பெட்டியை மதிலுக்கு வெளியே வைத்தேன்.
உவர்மலை ஏறி வந்த மான்கள் நின்று
மட்டையைத் தின்றன,
'கவனம்' என்று எழுதியிருந்த பக்கத்தை முதலில்.

டொக்டர் சுபாங்கினிக்கு முப்பது வயதும் இராது.
போன செவ்வாய் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டியபடி சொன்னாள்,
"அன்ரி, ஒரு ஊசிதான். நோகாது."
எத்தனை கட்டிலருகில் நின்று
எத்தனை பேருக்கு நானே சொன்ன குரல் அது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்கவில்லை.
ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு
கடலைக் காட்டினேன். அது பார்க்கவில்லை.

ஞாயிறு. மஹ்சூமின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன்.
கிண்ணியாவில் இருந்து வெயிலுக்கு முந்தி வந்துவிடுவான்.
மீன் நிறுத்த பிறகு பூனை நிறுப்பது
இரண்டு வருட வழக்கம்.
தலையணை உறைக்குள் சீமெந்தை இறக்கி
கொழுக்கியில் மாட்டினேன்.
போன கிழமை இரண்டு கிலோ நானூறு.
முள் ஆடியது,
இரண்டு முந்நூறுக்கு இந்தப் பக்கமே தயங்கியது.

அப்போது கண்டேன்.
உறையின் அடிமூலையில் அவன் சின்னவிரல்,
செதில் ஒட்டிய விரல்,
மெல்லக் கீழ்நோக்கி.
முள் ஏறி நானூறில் நின்றது.
"அப்படியேதான் இரிக்கி அக்கா. கொறயல்ல."

எத்தனை வருடம் இவனோடு சண்டை பிடித்திருப்பேன்,
அரைக் கிலோ பாரையில் ஐம்பது கிராம்
உன் விரல் தின்கிறது என்று.
இன்றைக்கு நான்
கேற்றில் துரு பிடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கொப்பியில் எழுதினேன்: இரண்டு நானூறு.

உறைக்குள்ளிருந்து தலையை நீட்டிய சீமெந்து
அவன் விரலை நக்கியது.
நிறுத்தி, மணந்து, திரும்பவும் நக்கியது.
வியாழனில் இருந்து ஒன்றையும் தொடாத நாக்கு.

மஹ்சூம் அசையவில்லை.
பின்னால் அடுத்த வீட்டுக்காரி
நெத்தலி இருக்கா என்று கத்துகிறாள்.
"ரெண்டு சூடை போடவா அக்கா? காசு வேணாம்."

நிறுத்துப் போடு, என்றேன்.